சட்டம் படிக்கும் தங்கவயல் பிள்ளைகளுக்கு ஊர் என்ன செய்யப்போகிறது?

பி.யூ.சி. முடிவுகள் வந்ததும் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரே விவாதம்தான். பெங்களூர் நாகரபாவியில் இருக்கும் தேசியச் சட்டப் பள்ளிக்கு முயல்வதா? அது கிடைக்காவிட்டால் பெங்களூரிலேயே பெயருள்ள ஒரு தனியார் கல்லூரியில் கடன் வாங்கியாவது சேர்ப்பதா? அல்லது நம் கோலார் தங்கவயலிலேயே இருக்கும் கெங்கல் அனுமந்தையா சட்டக் கல்லூரியில் சேர்த்துவிடுவதா? "இங்கே படித்தால் யார் மதிப்பார்கள்?" என்று ஒருவர் கேட்பார். "எங்கே படித்தால் என்ன, திறமை இருந்தால் போதும்" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. இரண்டுமே பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேடுவது இந்த ஊரின் கடமை என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

பாரிஸ்டர் என்ற பட்டமும் அதன் வரம்பும்

பெயருக்கும் திறமைக்கும் இடையிலான இந்த வழக்கு நம் நாட்டில் நூற்றைம்பது ஆண்டுப் பழையது. ஆங்கிலேயர் காலத்தில் லண்டனின் நான்கு 'இன்'களில் ஒன்றில் சேர்ந்து, தேர்வு எழுதி, அங்கே கட்டாயமாக இருந்த விருந்துகளிலும் கலந்துகொண்டு வந்தவர் பாரிஸ்டர். இங்கேயே சட்டம் படித்துத் தேறியவர் வக்கீல். கல்கத்தா, பம்பாய் உயர்நீதிமன்றங்களின் அசல் வழக்குகளில் பாரிஸ்டர்களுக்கே முதலிடம். சென்னையில் மட்டும் வக்கீல்கள் வெகு முன்பே அந்தக் கதவைத் திறந்துகொண்டார்கள். தெருவிளக்கில் படித்தவர் என்று நாம் பள்ளியில் கேட்ட டி. முத்துசுவாமி ஐயர் லண்டன் போனவர் அல்லர். சொற்பச் சம்பளத்துக்கு கிராமக் கணக்கு வேலை பார்த்த தஞ்சாவூர்ப் பையன் அவர். 1870களின் இறுதியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். பாரிஸ்டர்களுக்கென்றே இருந்த சென்னை மாகாண அட்வகேட் ஜெனரல் பொறுப்பில் முதன்முதலாக அமர்ந்த இந்தியர் வி. பாஷ்யம் ஐயங்காரும் வக்கீல்தான்.

மறுபக்கத்தையும் பாருங்கள். 1891 ஜூனில் இன்னர் டெம்பிளிலிருந்து பாரிஸ்டராக வெளிவந்தவர் மோகன்தாஸ் காந்தி. பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதல் வழக்கில் எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்கு நாக்கு எழவில்லை. கட்சிக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். லண்டன் பட்டம் அவருக்கு அங்கியைக் கொடுத்தது. கோர்ட்டில் எழுந்து நின்று பேசும் பழக்கத்தை அவர் பிறகு வேலையில் இருந்துதான் கற்றுக்கொண்டார்.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று பாபாசாகேப் அம்பேத்கர். கொலம்பியா பல்கலைக்கழகம், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், கிரேஸ் இன். அன்றைய இந்தியாவில் இதைவிடப் பெரிய பெயர்களைச் சேர்த்துவைத்திருந்த வக்கீல் யார்? ஆனாலும் 1923இல் பம்பாய்க்குத் திரும்பியபோது சன்னத் எனப்படும் வழக்காடும் உரிமம் எடுக்கப் பணமில்லாமல் நண்பர் நவல் பாத்தேனாவின் உதவியை நாட வேண்டியிருந்தது. தீண்டாமை கோர்ட்டு வாசலிலும் நின்றுகொண்டிருந்ததால் சொலிசிட்டர்கள் அவருக்கு வழக்குகள் அனுப்பவில்லை. பகுதிநேரமாகப் பாடம் நடத்திக் குடும்பத்தை ஓட்டினார். அதே மனிதர் 1935இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வரானார். 1954இல் அவர் இந்தத் தங்கவயலுக்கு வந்தபோது அவரைப் பார்க்கத் திரண்ட சுரங்கத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்று சட்டக் கல்லூரி விண்ணப்பம் நிரப்புகிறார்கள். உலகத்தின் மிக உயர்ந்த பட்டங்களும் போதாமல் போன ஒரு தொடக்கம் அவருடையது. ஒருவர் சரியான சமயத்தில் கைகொடுத்ததால் தாண்டப்பட்ட தொடக்கமும் அதுவே.

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் பாரிஸ்டர், வக்கீல், பிளீடர் என்ற படிநிலைகளை எல்லாம் அழித்தது. இன்று இந்தியாவில் ஒரே வகுப்பு: அட்வகேட். சட்டப்படி நாகரபாவியில் படித்தவரும் தங்கவயலில் படித்தவரும் ஒரே பட்டியலில் பெயர் எழுதுகிறார்கள், ஒரே அகில இந்திய பார் தேர்வை எழுதுகிறார்கள். மூத்த வழக்கறிஞர் பட்டத்துக்கு உச்சநீதிமன்றம் 2017இல் ஒரு மதிப்பெண் முறை வகுத்தது. அதில் தொழில் அனுபவத்துக்கும், வாதாடிய தீர்ப்புகளுக்கும், எழுதியவற்றுக்கும், நேர்காணலுக்கும் மதிப்பெண் இருந்தது. படித்த கல்லூரியின் பெயருக்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. 2025இல் அந்த முறையையே நீதிமன்றம் கைவிட்டது. கைவிடும்போதும் கல்லூரிப் பெயரை உள்ளே கொண்டுவரவில்லை.

பெயர் எங்கே உதவுகிறது

அப்படியானால் பெயருக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. அதை மறைத்துப் பிள்ளைகளைத் தேற்றுவது நேர்மையல்ல.

நாட்டின் பெரிய சட்ட நிறுவனங்கள் ஆள் எடுக்கத் தேசியச் சட்டப் பள்ளிகளின் வளாகத்துக்கே வருகின்றன. அங்கே படிக்கும் மாணவருக்கு இரண்டாம் ஆண்டிலேயே டெல்லியில் மூத்த வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப் கிடைக்கிறது. மூட் கோர்ட் எனப்படும் மாதிரி நீதிமன்றப் போட்டிகளுக்கு வெளிநாடு போகிறார்கள். எந்தத் தீர்ப்பையும் நொடியில் எடுத்துத்தரும் கட்டணத் தரவுத்தளங்கள் அவர்களின் மேஜையில் இருக்கின்றன. உடன் படித்தவர்கள் எல்லோரும் பத்தாண்டுகளில் நாடு முழுக்கப் பரவிப் போன் நம்பராக மாறுகிறார்கள். இவ்வளவும் உண்மையான பலம். பிள்ளையை எப்படியாவது பெங்களூருக்கு அனுப்ப ஒரு தாய் நினைப்பதில் வீண்பெருமை எதுவும் இல்லை.

இந்தச் சாய்வு நம் நாட்டுக்கு மட்டும் உரியதும் அல்ல. இங்கிலாந்தில் 2019இல் சட்டன் டிரஸ்டும் அரசின் சமூக முன்னேற்ற ஆணையமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி மூத்த நீதிபதிகளில் 71 விழுக்காட்டினர் ஆக்ஸ்ஃபோர்டிலோ கேம்பிரிட்ஜிலோ படித்தவர்கள். பாரிஸ்டர் தொழில் பிறந்த நாட்டிலேயே நிலைமை அதுதான்.

இதற்கு எதிராக நாம் அடுக்கக்கூடிய பெயர்களும் உண்டு. பங்காருப்பேட்டையில் சென்னை ரயில் ஏறினால் வழியில் வரும் ஜோலார்பேட்டையில் 1920இல் பிறந்தவர் ஏ. வரதராஜன். நம்மில் பலருடைய தாத்தாக்கள் சுரங்க வேலைக்குப் புறப்பட்டு வந்த அதே வட ஆற்காடு. சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்து, கீழமை நீதிமன்றத்திலிருந்து படிப்படியாக உயர்ந்து, 1973இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1980 டிசம்பரில் உச்சநீதிமன்றத்தில் அமர்ந்த முதல் தலித் நீதிபதி அவர். பவானிக்கு அருகே கிராமத்தில் பிறந்த பி. சதாசிவமும் சென்னை அரசு சட்டக் கல்லூரியில் படித்து 2013இல் இந்தியத் தலைமை நீதிபதி ஆனார். கோவை சட்டக் கல்லூரியில் படித்த கே.வி. விஸ்வநாதன் 2023இல் வழக்கறிஞராக இருந்தபடியே நேரடியாக உச்சநீதிமன்ற நீதிபதியானார்.

இந்தப் பெயர்கள் ஊக்கம் தரட்டும். ஆனால் இவர்களைக் காட்டி, "பார், அவர்களால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது?" என்று சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில் வளரும் ஒரு பிள்ளையிடம் கேட்பது கடமையிலிருந்து நழுவும் பேச்சு. இவர்கள் படித்தவை குறைந்த கட்டணத்தில் எல்லோருக்கும் திறந்திருந்த அரசுக் கல்லூரிகள். படித்து முடித்த பிறகு நிற்க இவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கு அந்த இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மெய்யான தடை

கல்லூரிப் பெயர் உதவுவது முதல் கதவில். தங்கவயல் பிள்ளை விழுவது பெரும்பாலும் அதற்கு அடுத்த மூன்று ஆண்டுகளில்.

சட்டப் படிப்பை முடித்த ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டில் பேசுவது தமிழ். பாடப் புத்தகமும் உயர்நீதிமன்றமும் ஆங்கிலம். இங்குள்ள கோர்ட்டில் தாவா மனுவும் சாட்சி விசாரணையும் கன்னடத்தில். சீனியர் ஒருவரின் ஆபீஸில் ஜூனியராகச் சேர்கிறாள். காலையில் வழக்குப் பட்டியல் பார்த்து எந்த ஹாலில் எந்த எண் என்று குறித்துவைப்பது, வக்காலத்தில் கையெழுத்து வாங்குவது, சீனியர் வேறு ஹாலில் இருந்தால் எழுந்து வாய்தா கேட்பது, நகல் விண்ணப்பம் போட்டுப் பின்தொடர்வது, மாலையில் கட்டுகளைத் தேதிவாரியாக அடுக்குவது. தொழில் பிடிபடுவது இந்த வேலையில்தான். ஆனால் மாதக் கடைசியில் கையில் வருவது சில நேரம் பஸ் செலவு, சில நேரம் அதுவும் இல்லை. அதே தெருவில் அவளோடு பி.யூ.சி. படித்த தோழி விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூர்க் கம்பெனிக்குப் போய் மாதச் சம்பளம் கொண்டுவருகிறாள். ஆறு மாதம், ஒரு வருடம் வீடு பொறுக்கும். பிறகு அவளும் அந்த ரயிலில் ஏறிவிடுகிறாள். அங்கி அலமாரிக்குப் போய்விடுகிறது.

நாகரபாவியில் படித்திருந்தாலும் இந்த மூன்று ஆண்டுகளைத் தாங்கப் பணமில்லாத பிள்ளை கோர்ட்டில் நிலைக்காது. உள்ளூர்க் கல்லூரியில் படித்திருந்தாலும் இந்த மூன்று ஆண்டுகளைத் தாங்கிவிட்ட பிள்ளை நிலைத்துவிடும். இந்த மூன்று ஆண்டுகள் இப்போது இன்னும் முக்கியமாகிவிட்டன. 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பின் சிவில் நீதிபதித் தேர்வு எழுதவே மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம். முன்பு படிப்பு முடிந்த கையோடு தேர்வெழுதி நீதிபதியாக ஒரு வாய்ப்பு இருந்தது. இப்போது அந்த வழியும் வருமானமில்லாத அதே மூன்று ஆண்டுகளுக்குள்ளாகத்தான் போகிறது. அனுபவம் வேண்டும் என்ற நீதிமன்றத்தின் நோக்கம் நல்லது. அந்த அனுபவத்துக்கான செலவை யார் ஏற்பது என்பதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

நாடு இதை மெல்ல உணரத் தொடங்கியிருக்கிறது. 2024 ஜூலை 30 அன்று உச்சநீதிமன்றம், வழக்கறிஞராகப் பதிவுசெய்ய மாநில பார் கவுன்சில்கள் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்றது. அதுவரை பல மாநிலங்களில் பல்லாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அம்பேத்கர் சன்னத்துக்குப் பணம் தேடி அலைந்து ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு வந்த தீர்ப்பு அது. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் தரப்பட வேண்டும் என்றது. அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகர்ப்புறத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று நாடு முழுமைக்கும் பரிந்துரைத்தது. ஆனால் அது பரிந்துரை மட்டுமே. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டு முதலே பயிற்சி பாரிஸ்டருக்கு ஊதியமின்றி இடம் தர முடியாது. ஆக்ஸ்ஃபோர்டின் செல்வாக்கு அங்கே இன்னும் குறையவில்லை. ஆனாலும் ஏழை வீட்டுப் பிள்ளை பயிற்சிக் காலத்தில் பட்டினி கிடக்க வேண்டாம் என்பதை அவர்கள் விதியாக்கிவிட்டார்கள்.

இந்த ஊருக்கு ஏன் இது அவசரம்

எந்த ஊருக்கும் நல்ல வக்கீல் வேண்டும். தங்கவயலுக்குச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். இந்த ஊரின் வரலாற்றில் தொழிலாளியின் வாழ்க்கையைத் தொட்ட கேள்விகள் எல்லாம் கடைசியில் சட்டக் கேள்விகளாகவே வந்து நின்றிருக்கின்றன.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே இயந்திரம் இறக்கியது. ஒரு காலத்தில் சுமார் முப்பதாயிரம் பேர் இந்தச் சுரங்கங்களில் வேலை செய்தார்கள். 1930இல் தொழிலாளிகளின் கைரேகையைப் பதிய வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்துச் சுரங்கங்கள் வாரக்கணக்கில் நின்றன. சட்டம் தங்களைக் குற்றவாளிகளாக எண்ணுகிறது என்று அந்தத் தொழிலாளிகள் புரிந்துகொண்டதால் எழுந்த போராட்டம் அது. 1946 நவம்பரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளிகள் இறந்தார்கள். அதே பத்தாண்டில் நடந்த மருத்துவ ஆய்வில் பரிசோதிக்கப்பட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரில் நூற்றுக்கு நாற்பதுக்கும் அதிகமானோருக்கு நுரையீரலில் சிலிக்கோசிஸ் கண்டறியப்பட்டது. அந்த நோய்க்கு இழப்பீடு வாங்குவது மருத்துவச் சான்றும் சட்டப் பிரிவும் சேர்ந்த போராட்டம். 1956இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் உருவானது. 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டது. அதன் பின் உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம் என்று வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 2013இல் உச்சநீதிமன்றம் சுரங்கங்களுக்கான உலகளாவிய டெண்டருக்கு வழிவிட்டது.

இன்றும் கேள்விகள் முடியவில்லை. தாத்தா காலம் முதல் குடியிருக்கும் லைன் வீடு யார் பேரில்? நிலுவைத் தொகை யாருக்கு எவ்வளவு? மழையில் கரைந்தும் காற்றில் பறந்தும் வரும், சுரங்கக் கழிவான சயனைட் மண் மேடுகளுக்கு யார் பொறுப்பு? இவற்றை எடுத்துப் பேச டெல்லி நிறுவனத்தின் வக்கீல் வரப்போவதில்லை. வந்தாலும் எந்த லைனில் எந்த வீடு எப்படி கைமாறியது என்று அவருக்குத் தெரியாது. அந்த வீட்டிலேயே பிறந்த பிள்ளைக்குத் தெரியும். வழக்கின் உயிர் அந்த விவரத்தில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குச் சட்டமும் கன்னடமும் ஆங்கிலமும் கைவந்துவிட்டால், கட்சிக்காரரிடம் தமிழில் கேட்டு, மனுவைக் கன்னடத்தில் எழுதி, மேல்முறையீட்டில் ஆங்கிலத்தில் வாதாடும் வக்கீல் இந்த ஊருக்குக் கிடைப்பார். பெயர் பெற்ற கல்லூரி எதுவும் அப்படி ஒருவரை உருவாக்கி நமக்கு அனுப்பாது.

இன்னொன்றையும் நினைவில் வைப்போம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். நம் லைன் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலுக்குள் வருகின்றன. உரிமை காகிதத்தில் இருக்கிறது. அதை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும்.

யார் என்ன செய்ய வேண்டும்

நமது சீனியர் வழக்கறிஞர்களிடம் முதல் வேண்டுகோள். நீங்கள் ஜூனியராக இருந்தபோது பட்ட கஷ்டத்தை அடுத்த தலைமுறையும் படட்டும் என்று ஒருபோதும் நினைத்திருக்க மாட்டீர்கள். ஊரின் வருமானம் பெங்களூரைப் போல இல்லை என்பதும் தெரியும். பார் கவுன்சில் சொன்ன 15,000 ரூபாயை எல்லா ஆபீஸாலும் தனியே தர முடியாது. இரண்டு மூன்று ஆபீஸ்கள் சேர்ந்து ஒரு ஜூனியரை ஏற்கலாம். வழக்கறிஞர் சங்கம் ஒரு பொது நிதி தொடங்கலாம். தொகை சிறிதாக இருந்தாலும் மாதந்தோறும் தேதி தவறாமல் வந்தால் ஒரு வீடு தன் பிள்ளையைக் கோர்ட்டில் விட்டுவைக்கும்.

சட்டக் கல்லூரிகளுக்கு. சட்ட உதவி மையம் என்பது பார் கவுன்சிலின் விதியில் இருக்கும் கட்டாயம். அதை வாரம் ஒருமுறை லைனுக்குக் கொண்டுபோனால் மாணவர் இறுதியாண்டு முடிப்பதற்குள் ஐம்பது குடும்பங்களின் ஆவணங்களைப் படித்திருப்பார். நாகரபாவி மாணவருக்கும் எளிதில் கிடைக்காத பயிற்சி அது. இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும்போது கல்லூரியின் பெயரைவிட அந்த அனுபவம் உரக்கப் பேசும். கன்னடத்தில் மனு எழுதுவதைத் தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனியே சொல்லித்தர வேண்டும். அதைத் தாய்மொழிக்கு எதிரானதாகப் பார்க்கத் தேவையில்லை. கோர்ட்டின் மொழி தெரிந்தால்தான் நம் மக்களின் மொழியில் சொன்னதை அங்கே கொண்டுசேர்க்க முடியும்.

பெங்களூரிலும் வெளிநாடுகளிலும் வாழும் தங்கவயல்காரர்களுக்கு. ஊர்ப் பற்றை விழாக்களில் காட்டுகிறீர்கள். ஆண்டுக்கு ஒரு பிள்ளையின் மூன்று ஆண்டுச் செலவை நாலு குடும்பங்கள் பகிர்ந்துகொள்வது பெரிய சுமை அல்ல. சட்டத் துறையில் இருப்பவர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்து மாணவர்களோடு ஒரு தீர்ப்பைப் படித்துப் பேசலாம். தேசியச் சட்டப் பள்ளி நுழைவுத் தேர்வான கிளாட் முழுக்க ஆங்கிலத்தில் நடப்பது. விண்ணப்பக் கட்டணமே ஆயிரக்கணக்கில். எளிய குடும்பத்துப் பிள்ளைகளை அந்தத் தேர்வுக்குத் தயார்செய்ய ஷம்நாத் பஷீர் என்ற சட்டப் பேராசிரியர் 2010இல் 'இடியா' என்ற அமைப்பைத் தொடங்கி வழிகாட்டினார். நம் பள்ளிகளிலிருந்து ஆண்டுக்கு நாலைந்து பிள்ளைகளாவது அந்தத் தேர்வை எழுத வேண்டும். பெங்களூர்ச் சட்டப் பள்ளியில் கர்நாடக மாணவர்களுக்கென்று 25 விழுக்காடு இடம் இருப்பது எத்தனை தங்கவயல் வீடுகளுக்குத் தெரியும்?

அரசுக்கு. கர்நாடக சமூகநலத் துறை பட்டியல் சாதி சட்டப் பட்டதாரிகளுக்குப் பயிற்சிக்கால உதவித்தொகை தருகிறது. அதை யார் பெறலாம், எப்படி விண்ணப்பிப்பது என்ற தகவல் தாலுகா அலுவலகப் பலகையோடு நின்றுவிடக் கூடாது. இறுதியாண்டு வகுப்பறைக்கே அதிகாரி வர வேண்டும். தொகை மாதாமாதம் கணக்கில் விழ வேண்டும். மூன்று மாதம் தாமதமானால் அந்தப் பிள்ளை தொழிலை விட்டுவிடும்.

தொழிற்சங்கங்கள், தேவாலயங்கள், கோயில் கமிட்டிகள், தமிழ்ச் சங்கங்கள் அனைவருக்கும். 1920களில் இந்த ஊரின் சாம்பியன் ரீஃபில் சித்தார்த்த புத்தகசாலை நடந்தது. அயோத்திதாசரின் 'தமிழன்' பத்திரிகையை அவர் மறைவுக்குப் பின் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்து மீண்டும் கொண்டுவந்தார். சுரங்கத்தில் உடலை வருத்தியவர்களின் கூலிக் காசில் அச்சு எந்திரம் ஓடியது. அவர்களில் பலருக்குக் கல்லூரி என்ன என்றே தெரியாது. அந்த ஊரின் வாரிசுகளான நமக்கு ஒரு மண்டபத்தின் மூலையில் சட்டப் புத்தகங்களும் ஒரு கணினியும் நல்ல விளக்கும் வைத்து இரவு பத்து மணி வரை திறந்துவைப்பது முடியாத காரியமா?

பெற்றோருக்கு. பிள்ளை சட்டம் முடித்த முதல் நாளிலிருந்து சம்பளக் கணக்கு கேட்காதீர்கள். மென்பொருள் கம்பெனிக்குப் போன பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடாதீர்கள். வழக்கறிஞர் தொழில் தாமதமாகக் காய்த்து நீண்ட காலம் பலன் தரும் மரம்.

கடைசியாக, மாணவர்களுக்கு. ஊர் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. நீங்களும் ஊருக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள். கல்லூரியின் பெயரைச் சாக்காக்கி வகுப்பைத் தவறவிடாதீர்கள். உச்சநீதிமன்றத் தீர்ப்புகளை அதன் இணையதளத்தில் காசின்றிப் படிக்கலாம். நாளுக்கு ஒரு தீர்ப்பு என்று ஐந்து வருடம் படித்தவரை எந்த ஆபீஸும் கல்லூரி கேட்டு ஒதுக்காது. கோர்ட்டில் நீதிபதி கேட்கும் முதல் கேள்வி "எந்தப் பிரிவு?" என்பதுதான். அதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

பெயருள்ள பல்கலைக்கழகம் வேண்டும் என்பவர்களும் எங்கே படித்தாலும் போதும் என்பவர்களும் இனி எதிர்எதிரே நிற்க வேண்டியதில்லை. தகுதியுள்ள பிள்ளையைப் பெரிய பள்ளிக்கு அனுப்ப முயல்வோம். இங்கேயே படிக்கும் பிள்ளையை இரண்டாம் தரமாக எண்ணாமல் தாங்குவோம். இருவரும் அங்கி அணிந்த பிறகு வரும் மூன்று ஆண்டுகளின் சுமையை ஊர் ஏற்கட்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் வழக்கறிஞர் சங்கமும் சட்டக் கல்லூரியும் தொழிற்சங்கங்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, எத்தனை ஜூனியர்கள், யார் பொறுப்பு, மாதம் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பூமிக்கடியிலிருந்து சுமார் 800 டன் தங்கத்தை எடுத்து உலகுக்குக் கொடுத்த ஊர் இது. தன் பிள்ளைகளில் ஆண்டுக்குப் பத்து வக்கீல்களை நிலைநிறுத்துவது இதன் சக்திக்கு மீறியதல்ல. அந்தக் கூட்டத்துக்குத் தேதி குறிப்பதே இப்போது நம் முதல் வேலை.